மஞ்சள்காமாலை என்று சொன்னோம்

என் மகளுக்கு மஞ்சள்காமாலை வரவில்லை. ஒரு நாள்கூட அவள் கண் மஞ்சளானதில்லை. ஆனால் தென்காசியில் எங்கள் தெருவிலோ, நான் அறிவியல் சொல்லிக்கொடுக்கும் பள்ளியிலோ, என் கணவரின் பெயிண்ட் கடையிலோ போய் விசாரித்தால், "டீச்சர் மகளுக்குக் காமாலை முத்திப்போய் ஐசியூ வரைக்கும் போய்ட்டு வந்துச்சு" என்றுதான் சொல்வார்கள். அந்தப் பொய்யைச் சொன்னவர்கள் நாங்கள்தான். அது அவளைக் கொல்லப் பார்த்தது. மனநோயைவிட மஞ்சள்காமாலையை மரியாதையான நோயாக வைத்திருக்கிற ஊரின்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. அந்த ஊரில் நானும் ஒருத்தி என்பதால் கோபம் வெளியே போக வழியில்லாமல் என்னிடமே திரும்பி வந்து நிற்கிறது. அதனால் எழுதுகிறேன்.

கோமதிக்கு இருபத்து நான்கு வயது. எங்களுக்கு ஒரே பிள்ளை. எம்.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டுச் சென்னையில் மெடிக்கல் கோடிங் வேலைக்குப் போனாள். அமெரிக்காவில் யாருக்கோ வந்த நோயை இங்கே உட்கார்ந்து எண்ணாக மாற்றும் வேலை. ஏணியிலிருந்து விழுந்தவருக்கு ஒரு எண், நாய் கடித்தவருக்கு இன்னொரு எண். பெரும்பாலும் ராத்திரி ஷிப்ட். இரண்டு வருடம் நன்றாகத்தான் இருந்தாள் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

மே மாதம் அவளுடைய அறைத்தோழி போன் செய்தாள். "ஆன்ட்டி, கோமதி நாலு நாளா தூங்கவே இல்ல. நிறுத்தாம பேசிட்டே இருக்கா. நேத்து அவ போனை வாசல்ல நின்ன ஒருத்தருக்குக் குடுத்துட்டா. நீங்க உடனே வாங்க."

நானும் அவரும் போய் ரயிலில் கூட்டிக்கொண்டு வந்தோம். வழியெல்லாம் பேசினாள். வண்டி நம்பர், ஸ்டேஷன் அறிவிப்பு, காபி விற்பவர் கூப்பிடுகிற குரல் எல்லாமே தனக்கு ஒரே செய்தியைச் சொல்வதாகச் சொன்னாள். "எல்லாத்துக்கும் ஒரு அர்த்தம் இருக்கும்மா. ஒண்ணுகூட வீணில்ல. உனக்குத் தெரியலயா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். ஒன்றைச் சொல்ல வேண்டும். அவ்வளவு சந்தோஷமாக அவள் முகத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

தென்காசியில் ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். மனநலப் பிரிவு முதல் மாடியில், நடைபாதையின் கடைசியில் இருந்தது. அதன் வாசலில் எட்டு நாற்காலிகள். அதற்கு முன்னால் வயிறு, குடல் மருத்துவரின் அறை. அங்கேயும் நாற்காலிகள். நாங்கள் மூன்று பேரும் வயிற்று மருத்துவரின் நாற்காலிகளில் உட்கார்ந்தோம். யாரும் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. அவர் அங்கே உட்கார்ந்தார், நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். கடைசி அறையில் எங்கள் டோக்கனைக் கூப்பிட்டது காதில் விழாமல் இரண்டு முறை தாண்டிப்போய்விட்டது. அப்போதுதான் கடைக்குச் சுண்ணாம்பு வாங்க வரும் காண்டிராக்டர் ஒருவர் எதிரே வந்தார்.

"அண்ணாச்சி, என்ன இங்கன உக்காந்திருக்கிய? யாருக்கு என்ன செய்து?"

என் கணவர் யோசிக்கக்கூட இல்லை. "பிள்ளைக்கு மஞ்சக்காமாலை" என்றார்.

"அடப் பாவமே. இங்கிலீஷ் மருந்து கேக்காது அண்ணாச்சி. கீழாநெல்லி அரைச்சுக் குடுங்க."

கோமதி வாய்விட்டுச் சிரித்தாள். "காமாலைக்கு என்ன கோடுன்னு எனக்குத் தெரியும்" என்று அவரிடம் சொல்லத் தொடங்கினாள். நான் அவள் தொடையைக் கிள்ளினேன். இருபத்து நான்கு வயது மகளைக் கிள்ளினேன்.

மருத்துவர் கேட்டுவிட்டு நோயின் பெயரைச் சொன்னார். இருதுருவ மனநிலை நோய். மனநிலை சில வாரங்கள் தலைக்குமேல் ஏறும். அப்போது தூக்கம் தேவைப்படாது, எல்லாம் முடியும் என்று தோன்றும், சிலருக்கு எல்லாவற்றிலும் தனக்கான செய்தி தெரியும். பிறகு அது கீழே விழும். விழும்போது பள்ளம் ஆழமாக இருக்கும். ரத்தப் பரிசோதனை, தைராய்டு, சிறுநீரகம், இ.சி.ஜி. எல்லாம் எடுத்தார்கள். எடுத்த பிறகு லித்தியம் மாத்திரை தொடங்கினார்கள். லித்தியம் பழைய மருந்து, நல்ல மருந்து. ஆனால் ரத்தத்தில் அதன் அளவு குறைந்தால் பலன் இல்லை, சற்றே கூடினால் நஞ்சு. அதனால் அடிக்கடி ரத்தம் எடுத்து அளவு பார்க்க வேண்டும். "சாப்பாட்டுல உப்பைக் குறைக்கக் கூடாது. தண்ணி நிறையக் குடிக்கணும்" என்று மருத்துவர் சொன்னார். அச்சடித்த தாளிலும் அது இருந்தது. அந்தத் தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

பன்னிரண்டு நாள் வார்டில் இருந்தோம். முதல் ஐந்து நாள் அவளை உட்கார வைப்பதே பெரும்பாடு. என் கணவர் கடையிலிருந்து பெயிண்ட் ஷேட் கார்டைக் கொண்டுவந்து அவள் மடியில் விரித்தார். அதில் வெள்ளை மட்டுமே பன்னிரண்டு இருந்தது. "இதுல எது வெள்ளைப்பா?" என்று அவள் கேட்பாள். "வாங்குறவன் எதைக் கேக்கானோ அதுதாம்மா வெள்ளை" என்பார் அவர். அரைமணி நேரம் அப்படி ஓடும். அந்த மனிதருக்கு அதற்குமேல் தெரியவில்லை. தெரிந்ததைச் செய்தார்.

பிறகு அவள் விழுந்தாள். பேச்சு நின்றது. சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். ஒருநாள் மத்தியானம் சாதத்தைப் பிசைந்து வாயருகே கொண்டுபோனபோது கேட்டாள்.

"எதுக்கும்மா?"

"பசிக்குமே, அதுக்குத்தான்."

"அதில்ல. எல்லாம் எதுக்கு? அவ்வளவு அர்த்தம் இருந்துச்சு. மாத்திரை குடுத்து எல்லாத்தையும் எடுத்துட்டீங்க. இப்ப ஒண்ணுமே இல்ல. சொவரு சொவரா இருக்கு. அவ்வளவுதான்."

மருத்துவரிடம் சொன்னேன். "எதுக்கு வாழணும்னு கேக்குறது ஒரு அறிகுறிம்மா. மாத்திரை வேலை செஞ்சதும் போயிரும்" என்று கேஸ் ஷீட்டில் எழுதிக்கொண்டே சொன்னார். எனக்கு நிம்மதியாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் வந்தது. பத்தாம் வகுப்பில் படிக்கும்போது நானும் அதைக் கேட்டிருக்கிறேன். என் அப்பா இறந்தபோது ஒரு மாதம் அதை மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு யாரும் மாத்திரை தரவில்லை. மனிதர்கள் கேட்கிற கேள்விகளிலேயே பெரிய கேள்வியை இருமலைப்போல ஒரு வரியில் எழுதி முடித்துவிட்டாரே என்று இருந்தது.

வீட்டுக்கு அனுப்பும்போது வாரம் ஒருமுறை உளவியல் ஆலோசகரைப் பார்க்கச் சொன்னார்கள். லீனா என்று பெயர். முப்பத்தைந்து வயது இருக்கும். அதே மாடியில் ஒரு சின்ன அறை. ஐம்பது நிமிடம் பேசுவார்கள். நான் வெளியே உட்கார்ந்திருப்பேன். அந்த ஐம்பது நிமிடத்தில் என் மகளுக்கு வாழ்க்கையின் அர்த்தம் கிடைத்துவிடும் என்று மனதார நம்பினேன். மருந்து எடுத்ததைப் பேச்சு கொடுத்துவிடும் என்பது என் கணக்கு.

முதல் வாரம் ஒரு நோட்டோடு வெளியே வந்தாள். எத்தனை மணிக்குப் படுத்தாய், எப்போது எழுந்தாய், என்ன சாப்பிட்டாய், எவ்வளவு நேரம் நடந்தாய். அவ்வளவுதான். இரண்டாம் வாரமும் அதே நோட்டு. நான் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

"மேடம், எம் பிள்ளை உலகம் எதுக்குன்னு கேக்கா. நீங்க இட்லி எத்தனைன்னு கேக்கீங்க."

லீனா கோபப்படவில்லை. "உலகம் எதுக்குன்னு எனக்குத் தெரியாது மேடம். தெரிஞ்ச மாதிரி நடிச்சா கோமதி கண்டுபிடிச்சிருவா. அப்புறம் என்கிட்ட பேச மாட்டா."

"அப்ப எதுக்கு நீங்க?"

"அவ கேள்வி நோய் இல்ல. அதை டாக்டர்கிட்டயும் சொல்லியிருக்கேன். ஆனா நோய் அந்தக் கேள்வியைக் கையில வச்சுக்கிட்டு அவளை அடிக்குது. அந்த அடியை நிறுத்த என்னால முடியும்னு நினைக்கிறேன். தூக்கமும் சாப்பாடும் அதுக்குத்தான். பதில் என்னால தர முடியாது."

வீட்டுக்கு வந்து என் கணவரிடம் கத்தினேன். "தெரியாதுன்னு சொல்லவா ஒரு படிப்பு?" என்றேன். பதில் இருப்பதாகச் சொன்னவர்களுக்குக் குறைவே இல்லை. காமாலை விசாரிக்க வந்தவர்கள் ரொட்டியும் சாத்துக்குடியும் வைத்துவிட்டு, காமாலை இறங்கியதும் மாப்பிள்ளை பார்க்கச் சொன்னார்கள். தேறினதும் கவர்மெண்டு பரீட்சைக்கு உட்கார வைக்கச் சொன்னார்கள். கோமதி எல்லாருக்கும் தலையாட்டினாள். அவர்கள் போன பிறகு, "இவங்களுக்கெல்லாம் எப்படிம்மா தெரியுது?" என்று கேட்டாள். கிண்டலா, உண்மையாகவே கேட்டாளா என்று எனக்குப் புரியவில்லை.

ஜூனில் பள்ளி திறந்தது. எனக்கு விடுப்பு தீர்ந்துபோயிருந்தது. அவளைத் தனியாக விடவும் பயம். அந்த நேரத்தில்தான் என் கணவரின் அக்கா செண்பகம் மதினி வந்தாள். குற்றாலத்தில் ஐந்தருவி போகிற வழியில் பத்து அறை உள்ள லாட்ஜ் அவளுடையது. மதினியின் கணவர் இறந்த பிறகு அவளே நடத்துகிறாள். நான்கு குடிகாரர்கள் அறை கேட்டு வந்தால் அவள் பார்க்கிற பார்வையிலேயே திரும்பிப் போய்விடுவார்கள். குழந்தை இல்லை. கோமதிமேல் உயிர்.

"ஏலே, பிள்ளைக்குக் காமாலைன்னு ஊரே சொல்லுது, என்ட்ட ஒரு வார்த்தை சொல்லலியே நீ" என்று தம்பியை ஏசிக்கொண்டே உள்ளே வந்தாள். கோமதியின் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தாள். "கண்ணுல எறங்கிட்டு. ஒடம்புலதான் இருக்கு. பிள்ளையைப் பாரு, சவம் மாதிரி இருக்கா. நான் கூட்டிட்டுப் போறேன். காலைல கீழாநெல்லி, இருவத்தோரு நாளு உப்பில்லாப் பத்தியம். எண்ணெய் ஆகாது, புளி ஆகாது. என் கண்ணு முன்னால இருந்தா சரியாயிரும்."

நான் அடுக்களைக்குள் அவரைக் கூப்பிட்டேன். கைப்பையில் இருந்த தாளை எடுத்துக் காட்டினேன். "டாக்டர் உப்பைக் குறைக்கக் கூடாதுன்னு சொல்லிருக்காரு."

"அக்காட்ட என்னன்னு சொல்லுவ?"

நான் தாளை மடித்தேன்.

"நாலஞ்சு நாளு இருக்கட்டும். அப்புறம் ஏதாவது சொல்லிக் கூட்டிட்டு வந்திரலாம். மாத்திரையை மட்டும் அவ மறக்காமப் போட்டாப் போதும்."

"சரி" என்றேன். என்னை யாரும் மிரட்டவில்லை. படிப்பறிவில்லாதவள் இல்லை நான். வாசலில் மதினி காத்துக்கொண்டிருக்கும்போது, கையில் அந்தத் தாளை வைத்துக்கொண்டு சரி என்றேன். கோமதியையும் மாத்திரையை வைட்டமின் என்று சொல்லச் சொன்னோம். அவளும் மறுக்கவில்லை. மறுக்கிற தெம்பு அவளிடம் அப்போது இல்லை.

என் குற்றம் எவ்வளவு பெரியது என்பதை விளக்க வேண்டும். வருடா வருடம் பத்தாம் வகுப்புக்குத் தனிம வரிசை அட்டவணை நடத்துகிறவள் நான். முதல் நெடுவரிசையில் லித்தியம், அதற்கு நேர் கீழே சோடியம். ஒரே குடும்பம், ஒரே குணம் என்று கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். நாம் சாப்பிடுகிற உப்பில் இருப்பது சோடியம். உடம்பில் உப்பு குறைந்தால் சிறுநீரகம் அதை வெளியே விடாமல் பிடித்து வைக்கப் பார்க்கும். லித்தியத்தையும் சோடியத்தையும் அதற்குச் சரியாகப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. இரண்டையும் சேர்த்துப் பிடித்து வைத்துவிடும். மாத்திரை அதே மாத்திரைதான். ஆனால் ரத்தத்தில் அளவு நாளுக்கு நாள் ஏறும்.

குற்றாலத்தில் சாரல் தொடங்கியிருந்தது. லாட்ஜ் நிறைந்துவிட்டது. அந்த நெரிசலிலும் மதினி தன் கையால் அவளுக்குச் சமைத்தாள். நான் சனி, ஞாயிறு போனேன். தட்டில் உப்பில்லாத குழைந்த சோறு, உப்பில்லாத பாசிப்பருப்பு. பக்கத்தில் மதினியின் தட்டிலும் அதே சோறு.

"உங்களுக்கு எதுக்கு மதினி பத்தியம்?"

"பிள்ளை தனியா எப்படித் திங்கும்? நானும் உப்பில்லாமத்தான் திங்கேன். நாக்கு செத்துப் போச்சு" என்று சிரித்தாள்.

அன்றைக்காவது சொல்லியிருக்கலாம். அவ்வளவு பாசத்தின் முன்னால் பொய்யை எடுத்து வெளியே வைக்கத் தைரியம் வரவில்லை. நாலைந்து நாள் என்றது ஒன்பது நாளாகிவிட்டது. கோமதியின் விரல்கள் நடுங்க ஆரம்பித்திருந்தன. "பித்தம் எறங்குது" என்றாள் மதினி. வாந்தி வந்தது. "அழுக்கெல்லாம் வெளிய போகுது" என்றாள். காமாலை என்று நம்பிய ஒருத்தி வேறு எப்படி நினைப்பாள்?

அந்த ஒன்பதாம் நாள், அடுத்த சனிக்கிழமை, காலை பதினொரு மணிக்கு லீனாவோடு வீடியோ காலில் பேசுவதாக ஏற்பாடு. நான் அறை வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். பேச்சு தொடங்கி இரண்டு நிமிடத்தில் லீனாவின் குரல் மாறியது.

"கோமதி, இப்ப சொன்னதைத் திரும்பச் சொல்லு."

கோமதி சொன்னாள். நாக்கு குழறியது.

"கையைக் கேமரா முன்னால நீட்டு. ரெண்டு கையும். இந்த வாரம் என்ன சாப்பிட்ட? நோட்டைப் பாத்துச் சொல்லு."

கோமதி வாசித்தாள். உப்பில்லாச் சோறு. உப்பில்லாப் பருப்பு. வாந்தி. உப்பில்லாச் சோறு. வாந்தி. ஒரு நாள்கூட விடாமல் எழுதி வைத்திருந்தாள். எழுத்து வர வரக் கோணிக்கொண்டு போயிருந்தது.

"அம்மா அங்க இருக்காங்களா? மேடம், நான் டாக்டர் இல்ல. ஆனா இது லித்தியம் அதிகமான மாதிரி இருக்கு. அடுத்த மாத்திரை குடுக்காதீங்க. இப்பவே கிளம்புங்க, நான் அவசரப் பிரிவுக்குச் சொல்லி வைக்கிறேன்."

கட்டிலிலிருந்து எழுந்தவள் தள்ளாடினாள். மதினியும் நானும் தாங்கிப்பிடித்து லாட்ஜ் காரில் ஏற்றினோம். சாலை முழுக்கக் குளிக்க வந்த கூட்டம். தலையில் எண்ணெய் வழிய, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நிதானமாக நடந்தார்கள். டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். ஒருவன் பானெட்டைத் தட்டி, "அருவி எங்கயும் ஓடிராதுவே, மெதுவாப் போ" என்றான். என் மடியில் கோமதியின் தலை கனத்துக்கொண்டே போனது.

அவசரப் பிரிவில் இளம் மருத்துவர் ஒருவர் கேட்டார். "என்ன மாத்திரை எடுக்குறாங்க?"

கடையிலிருந்து நேராக வந்த என் கணவர் சுவரைப் பார்த்தார். மதினி என்னைப் பார்த்தாள்.

"லித்தியம்" என்றேன்.

"எவ்வளவு நாளா? எதுக்கு?"

"ஒன்றரை மாசமா. மனநிலை நோய்க்கு."

"அது என்ன மாத்திரை? காமாலைக்கா?" என்று கேட்டாள் மதினி. மருத்துவர் பக்கம் திரும்பினாள். "டாக்டர், நான் பிள்ளைக்கு உப்பே குடுக்கல. ஒம்பது நாளா ஒரு கல்லு உப்பு குடுக்கல. அதனால ஏதும் உண்டா?"

அந்த மருத்துவர் நிமிர்ந்து எங்கள் மூவரையும் பார்த்தார். "அதனாலதாம்மா" என்றார்.

மதினி நடைபாதையில் வைத்து எங்களிடம் கேட்டதை ஐசியூ வாசலில் காத்திருந்த எல்லாரும் கேட்டார்கள். "ஏலே, என் கையால பிள்ளைக்கு விஷம் வைக்க வச்சிட்டியளே. நான் பாட்டுக்கு ஊட்டி ஊட்டி விட்டேனே. ஏ சாந்தி, நீ படிச்சவதானே? என்ட்ட சொல்லிருந்தா நான் என்ன ஊரைக் கூட்டித் தமுக்கா அடிச்சிருப்பேன்? என்னைக் கொலைகாரியாக்கப் பாத்தியளே!" என் கணவர் அவள் கையைப் பிடிக்கப் போனார். தட்டிவிட்டாள். அந்தக் கோபத்தில் ஒரு சொல்கூடத் தப்பில்லை.

லித்தியம் அளவு பார்க்க ரத்தம் திருநெல்வேலிக்குப் போனது. முடிவு வரும்வரை சலைன் ஏற்றினார்கள். சலைன் என்பது வேறொன்றுமில்லை, சுத்தமான உப்புத் தண்ணீர். அளவு இறங்காவிட்டால் டயாலிசிஸ் செய்ய வேண்டும், ரத்தத்தை வெளியே எடுத்து இயந்திரத்தில் சுத்தம் செய்து திரும்ப ஏற்றுவது, அதற்குத் திருநெல்வேலிக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார்கள். நடுக்கம் நிரந்தரமாகத் தங்கிவிடலாம் என்றும் சொன்னார்கள். சம்மதக் கையெழுத்து வாங்கினார்கள். உறவு என்ற கட்டத்தில் தாய் என்று எழுதினேன்.

மூன்று நாள் அந்த வாசலில் இருந்தோம். காலையும் மாலையும் பத்து நிமிடம் ஒருவரை உள்ளே விடுவார்கள். எங்களுக்குள் யார் போவது என்ற பேச்சே வரவில்லை. மதினி எழுந்து போவாள். வந்து, "கண்ணைத் தொறந்தா", "தண்ணி கேட்டா" என்று எங்கள் முகத்தைப் பார்க்காமல் சொல்வாள். மூன்றாம் நாள் அளவு இறங்கத் தொடங்கியது. டயாலிசிஸ் தேவைப்படவில்லை. நான்காம் நாள் வார்டுக்கு மாற்றினார்கள். மருந்தையும் மாற்றினார்கள்.

வார்டில் இரண்டாம் நாள் மத்தியானம் நானும் கோமதியும் மட்டும் இருந்தோம். நாக்குக் குழறல் போயிருந்தது. தெளிவாகக் கேட்டாள்.

"அம்மா, எனக்குக் கிறுக்குன்னு ஊருக்குத் தெரியறதுக்குப் பதிலா, நான் செத்தாப் பரவால்லன்னு தோணுச்சா?"

நான் வெளியே ஓடினேன். லீனாவின் அறைக்குப் போய் அழுதேன். "நீங்க எடுத்துச் சொல்லுங்க மேடம். நாங்க அப்படி நினைக்கலன்னு சொல்லுங்க. என்னை மன்னிக்கச் சொல்லுங்க. அதுக்குத்தானே நீங்க இருக்கீங்க?"

"இல்ல மேடம்" என்றார். "அவ என்கிட்ட கேக்கல. உங்ககிட்ட கேட்டிருக்கா. இதுக்கு நான் பதில் சொன்னா அது இன்னொரு பொய்."

எனக்கு அவரை அறைய வேண்டும்போல இருந்தது. வாரக்கணக்காக எனக்குப் பதில் சொல்லாத பெண். ஆனால் என் மகளின் நாக்கு குழறியதைக் கேட்டவர் அவர்தான். பெற்ற எனக்கு அது கேட்கவில்லை, இட்லிக் கணக்குக் கேட்ட அவருக்குக் கேட்டது. இப்போது யோசித்தால் அவர் எங்களிடம் பெரிதாக எதையும் வாக்குக் கொடுக்கவே இல்லை. சொன்னது கொஞ்சம், சொன்னதைச் செய்தார். உலகத்தின் அர்த்தம் தெரிந்த எங்கள் விருந்தாளிகள் ஒருவர்கூட அவள் எத்தனை மணிக்குத் தூங்கினாள் என்று கேட்கவில்லை. ஐம்பது நிமிடத்தில் ஒரு மனுஷி இன்னொரு மனுஷிக்கு வாழக் காரணம் தந்துவிட முடியும் என்று நினைத்தது என் பேராசை. பெற்ற எங்களிடம் அந்தக் காரணத்தில் ஒரு பங்கு இருந்திருக்க வேண்டும். எங்களிடம் இருந்தது காமாலை.

திரும்பி வார்டுக்கு வந்தேன். கட்டிலில் உட்கார்ந்தேன்.

"செத்தாப் பரவால்லன்னு தோணல. யாருக்கும் தெரியக் கூடாதுன்னு தோணுச்சு. தாளு கையில இருந்துச்சு, வாசிச்சேன். வாசிச்சிட்டும் சரின்னு சொன்னேன்."

"இப்பதான் நீ எங்கிட்ட ஒழுங்காப் பேசுத" என்றாள். மன்னிப்பதாகச் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

வீட்டுக்குக் கிளம்பும் நாளில் துணியை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். "நான் அத்தைகூடப் போறேம்மா" என்றாள்.

"எதுக்குட்டி? வீடு இருக்கே."

"ஒம் மூஞ்சியப் பாத்தா எனக்கு நோயாளின்னு ஞாபகம் வருது. அத்தை மூஞ்சியப் பாத்தா அத்தை ஏசுதான்னு மட்டுந்தான் ஞாபகம் வருது."

லீனாவிடம் ஓடிப்போய் முறையிட்டேன். வயது வந்த பெண், மருந்து எடுக்கிறாள், தொடர்ந்து வருகிறாள், அவள் முடிவு என்றார்.

நான்கு மாதமாகிறது. வாரம் ஒருமுறை லீனாவிடம் வருகிறாள். கேள்வி போகவில்லை. போன வாரம்கூட, "எதுக்குன்னு இன்னும் தெரியலம்மா" என்றாள், பேருந்து நேரத்தைச் சொல்வதுபோல. அடி நின்றிருக்கிறது, கேள்வி இருக்கிறது. நான் ஞாயிற்றுக்கிழமைகளில் குற்றாலம் போகிறேன். மதினி எனக்குக் காபி தருவாள், அளவோடு பேசுவாள்.

சென்ற ஞாயிறு நான் போனபோது லாட்ஜ் வாசலில் மதுரைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு குடும்பம், குழந்தைகளோடு எட்டுப் பேர், அறை கேட்டு நின்றது. கோமதி மேசையில் உட்கார்ந்து ரிஜிஸ்டரை விரித்திருந்தாள். மதினி அவர்களிடம் சட்டம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ரூமுக்குள்ள சமைக்கக் கூடாது. ஈரத்துணியைக் கட்டில்ல போடக் கூடாது. ராத்திரி ஒம்பது மணிக்கு மேல சத்தம் ஆகாது, கதவைத் தட்டிச் சுடுதண்ணி கேக்கக் கூடாது. இது எம் மருமவ. மனசு சரியில்லாம மாத்திரை சாப்பிடுதா. அவ தூங்கணும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தெருவைத் திரும்பிப் பார்த்தேன், தெரிந்தவர்கள் யாராவது நிற்கிறார்களா என்று. இவ்வளவு நடந்த பிறகும் பார்த்தேன். அந்தக் குடும்பத்துப் பெரியவர், "அதுக்கென்னம்மா, நாங்க எட்டரைக்கே படுத்துருவோம்" என்றார்.

கோமதி தலை நிமிரவில்லை. பேனாவைத் திறந்து, "ஆதார் ஜெராக்ஸ் இருக்கா சார்?" என்று கேட்டாள்.